அமைதிக்கு முழு மதிப்பெண்

எண்ணூர்,
12.8.2003

அன்புத் தோழி ஜெமிமாவுக்கு,

நலம். டில்லியில் உனக்கென்ன குறை இருக்கப்போகிறது, வெளிநாட்டுப் பணத்தில் ஜனநாயகத்தை அளக்கிற உத்தியோகம். போன வாரம் எங்கள் குப்பத்துப் பஞ்சாயத்தை மதிப்பிட வந்தாயே, நாம் ராயபுரத்தில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள் என்று உன்னோடு வந்த வெள்ளைக்காரரிடம் பெருமையடித்துக்கொண்டாயே, அன்று முன்வரிசையில் பெண்களை உட்கார வைத்தது உங்களுக்குக் காட்டத்தான். நாற்காலிகூட வாடகைக்கு எடுத்தது. திரும்பிய உங்கள் கார் ரயில்வே கேட்டைக்கூடத் தாண்டியிருக்காது. தலைவர் குமாரவேல், "ஆச்சு, பொம்பளைங்கல்லாம் வூட்டுக்குப் போங்க" என்றார். எல்லோரும் போனார்கள், நான் எழவில்லை. பஞ்சாயத்தில் பெண்களுக்கும் சம இடம் என்று சொன்ன உங்கள் பயிற்சி வகுப்பை நம்பிய ஒரே முட்டாள் நான்தான்.

மறுநாளே எங்களை ஊர்விலக்கு வைத்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் வேம்புவை எந்தப் படகிலும் ஏற்றுவதில்லை. குழாயில் எனக்குத் தண்ணீர் கிடையாது. நீ சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் வந்து பார்த்து, இதையும் அறிக்கையில் எழுது. ஊருக்கு வருகிற உங்கள் பணம் நின்றுபோகும் என்றால்தான் அந்த ஆள் இறங்கி வருவார்.

உன்,
மங்கை

புதுடில்லி,
2.9.2003

பிரியமுள்ள மங்கைக்கு,

உன் கடிதம் படித்து மனசே சரியில்லை. ஆனால் அறிக்கையைக் கொடுத்தாகிவிட்டது. ஒரு ஊரை வைத்து நாற்பது ஊர்த் திட்டத்தைக் குறை சொல்ல முடியாதடி. கைகலப்பு இல்லை, போலீஸ் புகார் இல்லை என்பதால் உங்கள் குப்பத்துக்கு அமைதியில் முழு மதிப்பெண் கிடைத்திருக்கிறது. தலைவரிடம் பொறுமையாகப் பேசிப் பார்.

அறிக்கையின் அட்டைக்கு, அன்று முன்வரிசையில் நீ உட்கார்ந்திருந்த படத்தைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இத்துடன் உள்ள சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. கர்த்தர் உங்களைக் காப்பார்.

அன்புடன்,
ஜெமிமா

மாத்தூர்,
20.10.2003

ஜெமிமாவுக்கு,

நீ சொன்னபடி பொறுமையாகத்தான் பேசினோம். பஞ்சாயத்தின் காலில் விழச் சொன்னார் தலைவர். "அவ இன்னா தப்பு பண்ணா, நான் வுழறதுக்கு?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார் வேம்பு. என்னைக் கட்டிக்கொண்டதற்காக அவரை முதல்முறையாகக் கும்பிடத் தோன்றியது. அதற்குமேல் அங்கே இருக்க விடவில்லை. கடலைத் தவிர வேறெதுவும் அறியாத மனிதர், இப்போது மணலியில் மூட்டை தூக்குகிறார்.

சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். படத்தைத் தாராளமாகப் போட்டுக்கொள், உங்களுக்கு அது போதும். நீ எழுதியதில் ஒரு வரியும் மாற்ற வேண்டாம். குப்பம் இப்போது அமைதியாகத்தான் இருக்கிறதாம். சண்டை போட்டவர்கள் இங்கே வந்துவிட்டோம்.

இனி எனக்கு எழுதாதே.

மங்கை