நெடுங்கையனால் தூக்க முடியாத தூரம்

மார்ச் 4, செவ்வாய்

சாப்பாட்டு நேரத்தில் கிரேனிலிருந்து இறங்கி வந்தால் கொட்டகையில் ஒரே சண்டை. கூலிப் பிரச்சினையோ என்று நினைத்தேன். இல்லையாம். வேற்றுக் கிரகத்திலிருந்து வந்த நெடுங்கையனும் நிலவுக்குள் குடியிருக்கும் இரும்புத்தவளையும் மோதினால் யார் ஜெயிப்பது என்பதுதான் பிரச்சினை. இரண்டும் வேறு வேறு படத்து ராட்சதர்கள். வெல்டர் நெடுங்கையன் கட்சி. நாற்பது மீட்டர் கையை நீட்டித் தவளையை அப்படியே தூக்கிக் கடலில் வீசிவிடுவானாம். கொட்டகையிலிருந்த பத்துப் பேரும் ஆமாம் போட்டார்கள்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அவ்ளோ தூரத்துல இரும்பத் தூக்கினா அவனே குப்புற விழுவான்" என்றேன். கொட்டகையே சிரித்தது. இந்த வேலைக்கு வந்து மூன்று வாரமாகிறது. மேல்வீட்டுக்காரி என்று எனக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் இன்றுதான் என்னிடம் பேசினார்கள், அதுவும் சிரிப்பதற்கு.

மார்ச் 5, புதன்

விடுவேனா. ஒரு வாளி தண்ணீரை வெல்டர் கையில் கொடுத்தேன். முதலில் நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கச் சொன்னேன். பாட்டே பாடினார். பிறகு கையை நேராக நீட்டிப் பிடிக்கச் சொன்னேன். இருபது எண்ணுவதற்குள் கை நடுங்கியது. வீம்புக்கு நாற்பதுவரை தாக்குப்பிடித்துவிட்டுத் தண்ணீரைச் சித்தாளின் காலில் கொட்டினார். அதே வாளி, அதே தண்ணீர், தூரம்தான் வேறு என்றேன். யாரும் சிரிக்கவில்லை. "அது ராட்சதன்மா, அதுக்குக் கை வலிக்காது" என்று மட்டும் முனகினார் வெல்டர்.

மார்ச் 6, வியாழன்

வெல்டர் தோளில் தைலம் பூசிக்கொண்டு வந்திருந்தார். எனக்குக் கொள்ளைச் சந்தோஷம்.

மார்ச் 9, ஞாயிறு

இதை இங்கே மட்டும் எழுதுகிறேன்: நெடுங்கையன் படத்தை நான் பார்த்ததே இல்லை. பார்க்காமலேயே இத்தனை வாதம். வீட்டுக்காரர் இவரிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டுப் படத்தைப் போட்டார். பாதிப் படத்தில் நெடுங்கையன் கையை முழுசாக நீட்டி ஒரு கப்பலையே தூக்குகிறான். எனக்கு முகம் தொங்கிவிட்டது. மூன்று தடவை திரும்பப் போட்டுப் பார்த்தேன். அப்புறம்தான் கண்ணில் பட்டது — அவனுக்கு வால் இருக்கிறது. பின்னால் தடித்த, கனத்த வால். என் கிரேனின் பின்பக்கத்தில் எதிர்பாரமாக அடுக்கியிருக்கும் கான்கிரீட் கட்டிகள் செய்யும் வேலையைத்தான் அது செய்கிறது.

தவளை மேல் உனக்கென்ன இவ்வளவு பாசம் என்று இவர் கேட்டார். தவளை மேலா பாசம்? பழைய இடத்தில், எடை அதிகம், தூக்க மாட்டேன் என்று சொன்னதற்குப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கீழே நின்ற ஒருத்தர்கூட எனக்காக வாயைத் திறக்கவில்லை. இவர்களாவது நான் சொல்வதைக் காதில் வாங்க வேண்டும். எனக்கு வேண்டியது அதுதான்.

வாலைப் பற்றி வெல்டருக்கே தெரியாது. சொல்லாமல் விட்டுவிடலாமா?

மார்ச் 10, திங்கள்

சொல்லிவிட்டேன். வெல்டர் ஒட்டுப்பலகை மேல் ஏறி நின்று ஆடினார். ஆடி முடிக்கட்டும் என்று இருந்துவிட்டு, அதே பலகையில் சாக்பீஸால் கோடு போட்டேன். இந்த வாலை வைத்துக்கொண்டு பத்து மீட்டரில் தவளையைத் தூக்குவான். இருபதில் மூச்சுத் திணறும். இருபத்தைந்தைத் தாண்டினால் வாலோடு சேர்ந்து கவிழ்வான். ஆக, கிட்டே வந்தால் நெடுங்கையன் ஜெயிப்பான், எட்டி நின்றால் தவளை. சிக்னல் காட்டும் தம்பி அப்படியென்றால் பதினைந்தில் என்ன ஆகும் என்று கேட்டான். அவனையே கணக்குப் போட வைத்தேன். பெயிண்டர் தவளைக்கு மீசை வரைந்தார். பலகையைக் கொட்டகைச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டார்கள்.

என் கிரேனின் எடை அட்டவணையும் இதே கணக்குதான். அதை மட்டும் காட்டியிருந்தால் ஒருத்தரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மார்ச் 13, வியாழன்

கோபம் இன்னும் அடங்கவில்லை.

மழை வரப்போகிறது என்று போர்மேன் அவசரப்பட்டார். மொத்தக் கம்பிக்கட்டையும் கடைசி மூலைக்கு ஒரே நடையில் கொண்டுபோகச் சொன்னார். பாதி தூரத்திலேயே எடை கூடிவிட்டதென்று அலாரம் அடித்துக் கிரேன் நின்றுவிட்டது. சாவியைத் திருப்பி அலாரத்தை அமர்த்திவிட்டுத் தூக்கு என்றார். கட்டைப் பின்னுக்கு இழுத்துத் தரையில் வைத்துவிட்டு, முடியாது என்றேன். "அப்ப இறங்கும்மா. வேற ஆளப் போட்டுக்கறேன்." திரும்பவும் அதே கதையா? இந்தத் தடவையும் நான் ஒருத்திதானா?

அப்போது வாக்கிடாக்கியில் வெல்டரின் குரல் வந்தது. சிக்னல் தம்பியின் கையிலிருந்து வாங்கியிருக்கிறார். "சார், அந்த மூலைக்கு நெடுங்கையனே தூக்க மாட்டான். கட்டப் பிரிச்சுடுவோம். ரெண்டு நடையா நாங்க கட்டித் தர்றோம். அந்தம்மா இறங்கினா நாங்களும் போறோம்."

போர்மேனுக்கு அந்தப் பெயர் புரிந்திருக்காது. ஆனால் மேலிருந்து நான் பார்த்தேன். பத்துத் தலைக்கவசமும் கம்பிக்கட்டை விட்டு விலகி வெல்டர் பக்கம் வந்து நின்றன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கட்டைப் பிரித்தார்கள். இரண்டு நடையும் மழைக்கு முன்னால் முடிந்தது.

பெருமையாக இருக்கிறது. தலைகால் புரியாத பெருமை. அந்தப் பத்துப் பேருக்கும் கணக்குச் சொல்லிக்கொடுத்தது நான். இதை நானே எழுதிக்கொள்ளாவிட்டால் வேறு யார் எழுதப் போகிறார்கள்?

மார்ச் 14, வெள்ளி

போர்மேன் முகம் கொடுத்துப் பேசவில்லை. போகட்டும்.

மார்ச் 19, புதன்

ஜன்னல் சட்டங்கள் வந்து இறங்கின. மேற்கு ஓரத்துக்குப் போக வேண்டும். உத்தரவு வரும் என்று கைப்பிடியில் கை வைத்துக் காத்திருந்தேன். போர்மேன் கூப்பிட்டார். "எத்தனை நடையா கட்டச் சொல்லட்டும்மா?"

மூன்று என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கீழே மூன்றாகப் பிரித்துக் கட்ட ஆரம்பித்தார்கள்.