பக்கவாட்டில் போன கார்

செவ்வாய்க்கிழமை, இரவு

செம்பவாங்கில் கட்டும் எங்கள் வீட்டில் நாளை தரைக்கு சிமெண்ட் போடுகிறார்கள். நான் ஆசையாகப் பழுதுபார்க்கும் பழைய கார் அங்கேதான் நிற்கிறது. அதற்கு இன்னும் இஞ்சின் இல்லை. "இன்னிக்கு நகரலன்னா பழைய இரும்புக்குத்தான்பா," என்று மகள் சொல்லிவிட்டாள்.

ஒவ்வொரு டயருக்கு அடியிலும் எந்தப் பக்கமும் உருளும் குட்டிச் சக்கரங்கள் வைத்த தட்டைச் செருகினோம். வண்டி கிளம்புகிறதே என்று மனைவி வழக்கப்படி சக்கரங்களை ஒட்டி எலுமிச்சம்பழம் வைத்தாள். நான் உள்ளே உட்கார்ந்தேன். வேலையாட்கள் பக்கவாட்டில் தள்ளினார்கள். கார் அசையவில்லை. மகள் கைப்பேசியில் பழைய இரும்பு லாரி தேடத் தொடங்கினாள்.

வேலையாள் செல்வம் குனிந்து பார்த்துச் சிரித்தார். "டயருன்னா பழத்த நசுக்கிட்டுப் போயிடும்மா. இந்தக் குட்டிச் சக்கரம் முட்டிக்கிட்டு நிக்குது."

"அதுக்காகப் பழம் வைக்காம இருக்க முடியுமா லா?" என்றாள் மனைவி.

"ஐயா மடியில வைங்க. அவரும் வண்டியிலதானே இருக்காரு."

மடியில் பழங்களோடு பக்கவாட்டில் போனேன். சத்தமே இல்லை. ஸ்டீயரிங்கைச் சும்மா பிடித்திருந்தேன். கண்ணாடிக்கு வெளியே வேலி நகர்ந்தது, மேகம் நகர்ந்தது, கைப்பேசியைப் பைக்குள் போட்ட மகளும் நகர்ந்து போனாள்.

எழுதக் கற்றுக்கொண்டதிலிருந்து இவ்வளவு நீளமாக எழுதியது இன்றுதான். பேனாவிலும் எலுமிச்சை வாசம். தோ பாயோ வாடகை வீட்டில் படுத்திருக்கிறேன். கட்டில் மெதுவாகப் பக்கவாட்டில் போகிறது.