நூறு பேரில் நான்

பிப்ரவரி 9
நான் சொல்லிக்கொடுக்கும் காலை நீச்சல் வகுப்பில் அந்த வங்கிக்கார அம்மா ஒருவழியாகக் குளத்துச் சுவரை விட்டார். சேர்ந்த நாளிலிருந்து அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டே நின்றவர். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வரிசையில் நீந்தியவர்களும் கைதட்டினார்கள். ஈரக்கையோடு போனை எடுத்தால், மருத்துவமனை. மரபணு சோதனை முடிவு வந்துவிட்டதாம். நேரில்தான் சொல்வார்களாம். நல்ல செய்தி என்றால் போனிலேயே சொல்லியிருப்பார்களே?

பிப்ரவரி 11
இருக்கிறது. அம்மாவையும் பெரியம்மாவையும் கொண்டுபோன மார்புப் புற்றுநோய்க்கு வழிவிடும் கோளாறு என் மரபணுவிலும் இருக்கிறது.
"அப்ப எனக்கும் வந்துடுமா டாக்டர்?"
டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "உங்களுக்கு வருமான்னு இந்த டெஸ்ட் சொல்லாது. உங்கள மாதிரி நூறு பேர நிக்க வச்சா, ஆயுசுக்குள்ள அறுபது எழுபது பேருக்கு வரும். அதுல நீங்க யாருன்னு எனக்கும் தெரியாது."
இரண்டு வழி. ஆண்டுதோறும் ஸ்கேன் எடுத்து, வந்தால் சீக்கிரமே பிடிப்பது. இல்லையென்றால் வருவதற்கு முன்பே இரண்டு மார்பையும் எடுத்துவிடுவது. எடுத்தாலும் ஆபத்து வெகுவாகக் குறையுமே தவிர, முழுதாகப் போகாது.

பிப்ரவரி 12
அறுபதா, எழுபதா? நடுவில் நிற்கும் அந்தப் பத்துப் பேர் யார்?

பிப்ரவரி 18
அக்காவின் சலவைக்கடைக்குப் போய்ச் சொன்னேன். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். எனக்கு இருந்தால் அவளுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு.
"நான் பாக்க மாட்டேன். தெரியாம இருக்கறதுதான் நிம்மதி," என்றாள். பிறகு, "டிவில மழை வரும்னு சொல்றான், வெயில் அடிக்குது. இதையெல்லாம் நம்பி அறுத்துக்குவியா?"
"மழை வரும்னா குடை எடுத்துட்டுப் போறதில்லையா?"
"குடை எடுக்கறது வேற, கூரைய பிரிச்சுப் போடறது வேற."
வாயாடி.

மார்ச் 3
"உன் உடம்பு. நீதான் முடிவு பண்ணணும்," என்றார் கணவர். ஊருக்கெல்லாம் யோசனை சொல்லும் மனுஷன்! பிடித்து உலுக்கியதும் கொட்டினார். "வேணாம்னு சொல்லி, நாளைக்கு வந்துட்டா? சரின்னு சொன்னா, இவனுக்கு நம்ம மேல ஆசையே இல்லன்னு நினைப்ப. எதச் சொன்னாலும் மாட்டிக்குவேன்."
நியாயம்தான். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவர் எழுந்து போய்த் தேவையே இல்லாமல் குழாயைத் திறந்து முகம் கழுவினார்.

மார்ச் 20
எடுத்துவிடுவதென்று சொல்லிவிட்டேன். உடனே ஆளாளுக்குப் போன். அப்பா, மாமியார், அக்கா. நோயே இல்லாத உடம்புல கத்தி வைக்கலாமா, எவளாவது இப்படிச் செய்வாளா, உனக்குப் பைத்தியமா.
ஆமா, பைத்தியம்தான், போங்க! அம்மாவுக்குக் கொத்துக் கொத்தா முடி கொட்டினப்ப தலையணையில இருந்து வாரிப் போட்டது யாரு? நானு. அப்ப எங்க போச்சு இத்தனை வாயும்? பொம்பளைக்கு அழகு போயிடுமாம். எனக்கு அழகு வேணாம்னு யார் சொன்னா? வேணும். உசிரும் வேணும். வருசா வருசம் ஸ்கேன் ரூம் வாசல்ல உக்காந்து, இந்தத் தடவையா, அடுத்த தடவையான்னு நடுங்க என்னால முடியாது. அப்படி இருக்க முடியறவங்க இருக்கட்டும். அதுவும் தைரியம்தான். என் தைரியம் இது.

ஏப்ரல் 11
நாளை. கண்ணாடி முன் வெகுநேரம் நின்றேன். யாரையும் கூப்பிடவில்லை.

ஏப்ரல் 17
வலி. இரண்டு பக்கமும் நீர் வடியக் குழாய். இருமினால் உயிர் போகிறது.

ஏப்ரல் 28
எடுத்த சதையைச் சோதித்துப் பார்த்தார்கள். எங்கேயும் புற்று இல்லை. டாக்டரம்மா சிரித்தார், கணவர் அழுதார். அக்கா மட்டும், "ஒண்ணுமே இல்லாததையா எடுத்தாங்க? வீணாப் போச்சேடி," என்றாள்.
"இருந்து எடுத்திருந்தா, நான் லேட்டுன்னு அர்த்தம்க்கா."
அவள் போன பிறகு நினைத்துப் பார்த்தேன். எனக்கு வந்திருக்குமா, கடைசிவரை வராமலே போயிருக்குமா? இனி எந்தச் சோதனையும் அதைச் சொல்லாது. தப்பித்த முப்பது நாற்பது பேரில் ஒருத்தியாகவே நான் இருந்திருக்கலாம். அப்படியென்றால் வீண்தான். இருக்கட்டும். தெரிந்தே வீணாக்கினேன், நானே வீணாக்கினேன்.

ஜூன் 6
அக்கா பேச்சுவாக்கில் கேட்பது போலக் கேட்டாள். "அந்த டெஸ்ட்டுக்கு வெறும் வயித்துல போகணுமா?"
வேண்டாம், சாப்பிட்டுவிட்டே போகலாம் என்றேன்.

ஜூலை 2
அக்காவுக்கு இல்லை. மருத்துவமனை வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். "எனக்கு இல்லடி. எனக்கு மட்டும் இல்லடி." ஏதோ என்னிடமிருந்து திருடிவிட்டது போல. அவளுக்கு இல்லையென்றால் அவளிடமிருந்து அவள் பெண்ணுக்கும் போகாது. பொறாமை வந்தது, பொய் சொல்ல மாட்டேன். பேருந்து வரும்வரைதான். பிறகு அவள் மூக்கை என் துப்பட்டாவிலேயே துடைத்தாள். திட்டினேன். இருவரும் ஏறி உட்கார்ந்தோம்.

ஜூலை 15
டாக்டரம்மா தண்ணீரில் இறங்கலாம் என்றுவிட்டார். அக்காவும் நானும் புது நீச்சலுடை வாங்கப் போனோம். உள்ளே பஞ்சு வைத்துத் தைத்துத் தரலாம், யாருக்கும் தெரியாது என்றாள் கடைக்காரி. நான் வாய் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.
"எதுக்கு? நீந்தறப்ப தண்ணி ஊறி இழுக்கும். அப்படியே குடுங்க."