உன் அம்மாவின் கைக்கம்பி

அன்பு மருமகன் கிமேயுவுக்கு, மச்சாக்கோஸ் மலைப்பக்கத்திலிருந்து உன் மாமன் மசிலா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் ஆடுகளும் மூச்சோடு இருக்கிறோம், மொம்பாசாவின் உப்புக்காற்றில் நீயும் உடம்பு கெடாமல் இருப்பாய் என்று நம்பிக்கொள்கிறேன். தோள் இற்றுக் கிடக்கிறது, எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

உன் கடிதத்தை அம்மாவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். அப்பா கப்பலேறிப் பதினோரு வருஷமாச்சு, இனி வரமாட்டார், கம்பியை அறுத்துவிடுங்கள் என்ற வரி வந்ததும் இருமுவது போல இருமி அடுத்த வரிக்குத் தாவிவிட்டேன். புருஷன் செத்தவளுக்குத்தானே நம்மில், கல்யாணத்தன்று முழங்கை வரை சுற்றின கைக்கம்பியை அறுப்பார்கள், பெற்ற பிள்ளை வாயால் அதைக் கேட்டால் தாங்குவாளா. போன மாதம் அவள் கையில் முள் குத்தினது என்னவோ சின்னதுதான், நாலே நாளில் விரலெல்லாம் வள்ளிக்கிழங்காக வீங்கி மணிக்கட்டுச் சுற்றுகள் சதைக்குள் புதைந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா வெட்டுக் குறட்டோடு வந்து, வெள்ளிக்கிழமைக்குள்ள கம்பி போகலேன்னா கை போயிடும், எது வேணும்னு நீயே சொல்லும்மா என்றாளாம். எம் புருஷன் முலி போட்டதை முலி இருக்கிறப்ப எவ அறுக்கிறது, வேணும்னா கையை எடுத்துக்கோ என்று சொல்லிவிட்டு உன் அம்மா எழுந்து வந்துவிட்டாள்.

அப்புறம் என்னிடம்தானே வரவேண்டும், அந்தக் கம்பியை இழுத்தவன் நானல்லவா. தாத்தா காலத்தில் கடற்கரை வணிகர்களின் சுமைகூலிகள் விரல் தடிமனில் பித்தளைக் கம்பியை வளையம் வளையமாகச் சுமந்து வருவார்கள். அதை நெருப்பில் காட்டிப் பதமாக்கி, நுனியைத் தட்டிக் கூராக்கி, கொழுப்புத் தடவி, கம்பியச்சில் பெரிய துளையிலிருந்து சின்னத் துளைக்கு இழுத்து இழுத்து மெல்லிசாக்கினது நம் குடும்பம். மூக்குப்பொடிக் கொம்புக்கு, வில்லுக்கு, பெரியவர்கள் முக்காலியில் பதிக்க, பெண்கள் கைக்குச் சுற்ற, எல்லாவற்றுக்கும் அதுதான். தாத்தா இழுத்த ஒரு கம்பி இங்கிருந்து கடல் வரை எட்டி, மிச்சத்தில் துணி காயப்போட்டார்கள். அதைப் பார்த்துத்தான் வெள்ளைக்காரன் தந்திக்கம்பி போட்டான், வேறு யாரும் உனக்கு இதைச் சொல்லமாட்டார்கள்.

அறுக்க வேண்டாம், சுற்றினதை அவிழ்த்துவிடலாம், அவிழ்க்கிறது அறுக்கிறது ஆகாது என்றேன். அந்த ஒரு சொல்லுக்குக் கையை நீட்டினாள். வியாழக்கிழமை விடிந்ததும் உட்கார்ந்தோம். முப்பது வருஷக் கம்பி இறுகிப்போயிருந்தது, நெருப்பில் காட்டினால் இளகும், கையில் இருப்பதை எப்படிக் காட்டுவது. ஆமணக்கெண்ணெய் விட்டு முழங்கைப் பக்கத்திலிருந்து அரைச்சுற்று அரைச்சுற்றாக வந்தேன். யானையையே இழுத்துப் போடுவேன்னு சொல்லுவியேண்ணே, ஒரு முழக் கம்பிக்கா இப்படி மூச்சு வாங்குது என்று பல்லைக் கடித்துக்கொண்டே கேலி செய்தாள். வெயில் சாய்கிறபோது மூன்று சுற்றுதான் பாக்கி, பட்டென்று முறிந்தது. அழவில்லை. என் முகத்தையே பார்த்து, அறுந்துடுச்சா என்றாள்.

ஒட்டே இல்லாத ஒரே இழை என்று முப்பது வருஷமாகச் சந்தையெல்லாம் பீற்றினவன் நான். அந்த வாயால்தான் சொன்னேன், அறுந்துபோகலைடி, கல்யாணத்தன்னிக்குக் கம்பி பத்தலே, அங்கே ஒட்டு வச்சேன், வெட்கத்துல யார்கிட்டயும் சொல்லலே, அந்த ஒட்டுதான் விட்டுப்போச்சு என்று. முறிந்த நுனியை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, திருட்டு அண்ணே, ஒட்டுக்கம்பிக்கா என் புருஷன்கிட்ட அவ்வளவு பெரிய கடாவைப் பிடுங்கினே என்று கையை மறுபடி நீட்டினாள்.

வீக்கம் வடிந்துவிட்டது, விரலை மடக்குகிறாள், நேற்று தானே சோளம் இடித்தாள். கம்பியைத் துணியில் சுருட்டித் தலைமாட்டில் வைத்திருக்கிறாள். ஒட்டு விஷயத்தை மட்டும் ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது, சந்தையில் எனக்கு இப்போது ஒட்டு மசிலா என்று பேர். எதிர்த்துப் பேசத் தெம்பில்லை, இருந்துவிட்டுப் போகட்டும்.

நீ வேளைக்குச் சாப்பிடு, துறைமுகத்தில் தொங்குகிற சுமைக்கு அடியில் நிற்காதே, உனக்கு எல்லா நலமும் சேரட்டும். அடுத்த கடிதத்தில் கப்பலைப் பற்றி எழுது, அறுக்கிற பேச்சு வேண்டாம். இதைப் படித்ததும் கிழித்துவிடு, நீ ஊருக்கு வரும்போது கண்ணில் பட்டால் உன் அம்மா யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லிவிடுவாள். அந்தக் கம்பியில் ஒட்டு எதுவும் கிடையாது. அது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

உன் தாய்மாமன்,
மசிலா