நானே நீக்கிய குரல்

பெர்மாஸ் ஜெயா,
வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி.

மெல்பர்னில் வாழும் அன்புக்குரிய பிரேமலாவுக்கு, உன் அண்ணி வாசுகி வணக்கம் கூறி எழுதுவது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன் அண்ணன் உடல்நிலையில் புதிதாக எந்தக் கோளாறும் இல்லை. காலையில் கஞ்சி இறங்கியது. நான் தொலைபேசியில் அழைக்காதது வீம்பினால் அன்று. இந்தச் சிறிய வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அவருக்குக் கேட்கும். நரம்பு நோய் பேச்சைத்தான் எடுத்துக்கொண்டது. காது முன்பைவிடக் கூர்மையாக இருக்கிறது. அதனால்தான் கைத்தொலைபேசியில் இந்த மின்னஞ்சலைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

நீ அனுப்பிய மடிக்கணினியில் இருந்த அவருடைய குரலை நான் அழித்துவிட்டேன்.

நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். சென்ற ஞாயிறு, அவரோடு பள்ளிப் பேருந்து ஓட்டிய சபாபதி பார்க்க வந்திருந்தார். உன் அண்ணன் ஒற்றை விரலால் எழுத்துகளை அழுத்தினார். கணினி, "வாடா, உக்காரு" என்றது. சபாபதி தொடையில் தட்டிக்கொண்டு, "அலமாக், என்னா கமலநாதா, ஜி.பி.எஸ். மாதிரி பேசுற லா!" என்றார். உன் அண்ணன் விடுவாரா? நிதானமாக விரலை நகர்த்தி, "முந்நூறு மீட்டர்ல லெஃப்ட் எடுத்து உன் வீட்டுக்குப் போ" என்று சொல்ல வைத்தார். இருவரும் கண்ணீர் வரச் சிரித்தார்கள். சிரிக்காதவள் நான் ஒருத்திதான். இருபத்தாறு ஆண்டுகள் ஸ்கூடாய்ச் சாலையில், ஓர் அதட்டலில் நாற்பது பிள்ளைகளை அடக்கிய மனிதர் தகரத்தைத் தட்டுவது போன்ற குரலில் பேசுவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

ஆகவே மனிதக் குரலில் பேசும் மென்பொருளைத் தேடினேன். இந்தக் கணினியை இயக்கும் லினக்ஸின் சொந்த மென்பொருள் களஞ்சியத்தில் இருப்பதை மட்டுமே நிறுவ வேண்டும் என்று நீ சொல்லியிருந்தாய். "அண்ணி, வெளியில உள்ளத எதையும் போட்டுடாதீங்க, என்னைக் கேட்டுட்டுச் செய்ங்க" என்றாய். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவளாயினும் கையேடுகளைப் படித்து நானாகவே தேர்ந்தவள், எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம் என்று உனக்குப் பதில் எழுதினேன். உனக்கு நினைவிருக்கும்.

இன்று காலை, முன்பின் அறியாத ஒரு வலைத்தளத்தில் கண்ட கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படியெடுத்து இட்டேன். அவை லினக்ஸின் வேறொரு பதிப்புக்கு உரியவை என்பதைக் கவனிக்கத் தவறினேன். கடவுச்சொல்லைக் கேட்டது, கொடுத்தேன். பிறகு திரையில் நீண்ட பட்டியல் ஒன்று வந்தது. இவை நீக்கப்படும், தொடரலாமா என்று கேட்டது. புதியது வருவதற்குப் பழையது வழிவிடுகிறது என்று எனக்கு நானே பொருள் சொல்லிக்கொண்டு, ஆம் என்று அழுத்தினேன். பழைய குரல் நீங்கியது. அவர் எழுதும் தமிழ் எழுத்துப் பலகையும் நீங்கியது. புதியது பாதியில் பிழை காட்டி நின்றுவிட்டது. அந்தப் பட்டியலை இப்போது பதினாறு முறை படித்துவிட்டேன். நீங்கப்போகும் இரண்டின் பெயரும் அதில் தெளிவாகவே இருக்கின்றன.

திரையில் அந்தச் சாளரத்தை நான் மூடவில்லை. கணினியின் மின்கலம் எப்போதோ செத்துவிட்டது, மின்செருகியில்தான் ஓடுகிறது. நாளை காலை ஒன்பது மணி முதல் எங்கள் வீட்டு வரிசையில் மின்சாரம் நிறுத்தப்படும் என்று விளக்குக் கம்பத்தில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். பாதி நிறுவலில் அணைந்தால் அது மறுபடி எழுமா? எனக்குத் தெரியவில்லை, பிரேமலா. எனக்குத் தெரியவில்லை என்று உனக்கு நான் எழுதுவது இதுவே முதல் முறை.

பேச்சு நின்றுபோன அந்த ஐந்து மாதங்களை நீ நேரில் பார்க்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பியபடியே கிடந்தார். உன் கணினி வந்த அன்று அவர் சொன்ன முதல் வாக்கியம், "குழம்புல உப்பு இல்ல." நான் அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதேன். இப்போது அந்த விரலும் பத்து நிமிடத்தில் தளர்ந்துவிடுகிறது. மருத்துவர் என்னிடம் தனியே சொன்னதை உனக்கு எழுதவில்லை, இன்றும் எழுதப்போவதில்லை.

"அப்டேட் ஓடுதுங்க, கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்று அவரிடம் பொய் சொல்லியிருக்கிறேன். அவர் இமையைத் தாழ்த்தி ஒப்புக்கொண்டார். ஆனால் மதியம் அவர் விரல் விசைப்பலகையைத் தேடியது. ஏதோ சொல்ல வேண்டியிருந்தது அவருக்கு. தண்ணீரா, காற்றாடியா, கால் வலியா, கழிவறையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எதற்கும் இமை தாழவில்லை. எழுத்துகளைத் தாளில் எழுதி ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். அரை மணி நேரத்தில் கிடைத்தது "நீ" என்ற ஒரே எழுத்து. அதற்குள் களைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

திரையை மூன்று புகைப்படங்களாக எடுத்து இணைத்துள்ளேன். கடைசி வரி வரை தெரியும். என்ன தட்ட வேண்டுமோ எழுது. ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் தட்டுவேன். ஏன், எதற்கு என்று வினவ மாட்டேன். நீ அங்கிருந்தே உள்ளே நுழைந்து சரிசெய்ய வேண்டுமானால் கடவுச்சொல்லையும் தருகிறேன். பழைய தகரக் குரலே போதும். என்னைத் திட்டுவதாயின் திட்டு, அவர் பேசத் தொடங்கிய பிறகு.

உன் வேலையும் இல்லமும் செழித்து, நீ நீடு வாழ வேண்டும். நாளை காலை ஒன்பது மணிக்குள் பதில் எழுது, தாயே. "நீ" என்று தொடங்கிவிட்டு உறங்குகிறார். எழுந்ததும் மிச்சத்தைச் சொல்ல அவருக்கு வழி வேண்டும். அது வசவாக இருந்தாலும் நான் கேட்க வேண்டும்.

இங்ஙனம்,
உன் அண்ணி,
வாசுகி கமலநாதன்