நான் சொன்ன சரி

மார்ச் 3
ரப்பர் படகுப் பயிற்சி தொடங்கியது. மூன்று நாட்டு மரைன் வீரர்களைக் கலந்து, படகுக்கு ஏழு பேர். ஆளுக்கொரு மொழி, பொதுவாக இருப்பது அரைகுறை இங்கிலீஷ். பின்னால் உட்கார்ந்து படகைத் திருப்பும் வேலை எனக்கு. எட்டாம் தேதி தேர்வு. தேறினால்தான் படகுத் தலைவன் பதவி. இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று, இதுதான் கடைசி.

மார்ச் 4
கவிழ்ந்தோம்.

மார்ச் 5
மறுபடியும். கரையோரம் உடையும் அலையைத் தாண்டவேண்டும், அவ்வளவுதான். படகை அலைக்கு நேராக நிறுத்தித் தருகிறேன். அந்த நொடி பார்த்து ஆறு பேரும் சொல்லிவைத்த மாதிரி துடுப்பை நிறுத்துகிறார்கள். ஏன்? வேண்டுமென்றே செய்கிறார்களா? முன்னால் உட்காரும் வேறு நாட்டு நெட்டையன், "பரவாயில்லை, விடு" என்று பெருந்தன்மையாக என் தோளைத் தட்டினான். எதற்குப் பரவாயில்லை? நிறுத்தியது அவன்!

மார்ச் 6
மனைவி போனில்: "நான் பேசறது காதுல விழுதா, இல்ல சும்மா சரி சரின்னு சொல்றீங்களா?"
"சரி" என்றேன். வைத்துவிட்டாள்.
படகு? கேட்கவே வேண்டாம். தேர்விலும் இப்படியென்றால் ஊருக்கு மூட்டை கட்டு என்றார் பயிற்சியாளர். நான் என்னத்தைத்தான் செய்ய?

மார்ச் 7
சாப்பாட்டுக் கூடத்தில் நெட்டையன் எதிரே வந்து உட்கார்ந்தான். "அலை வந்ததும் ஏன் 'சாரி, சாரி'ன்னு கத்தறே? நீ தப்பாத் திருப்பிட்டேன்னு நினைச்சு நாங்க நிறுத்திடறோம்."
கையிலெடுத்த சோறு அப்படியே நின்றது. படகு நேரானதும் "சரி, சரி" என்பேன் — துடுப்பைப் போடுங்கடா என்ற அர்த்தத்தில். மூன்று நாளாகக் கவிழ்த்தது நானேதானா! விளக்கினேன். சிரித்துச் சிரித்து அவனுக்குப் புரையேறியது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. பிறந்ததிலிருந்து பழகிய நாக்கு, விடிவதற்குள் எப்படித் திருந்தும்?

மார்ச் 8
வாயை இறுக்கி மூடிக்கொண்டுதான் ஏறினேன். அலை எழுந்தது. படகு நேரானது. நாக்கைக் கடித்தேன். அப்போது முன்னாலிருந்து நெட்டையன் கத்தினான்: "சாரி, சாரி!" ராத்திரியே சொல்லிவைத்திருப்பான் போல, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஆறு துடுப்புகளும் ஒன்றாக இறங்கின. தாண்டிவிட்டோம்.
கரையில் பயிற்சியாளர் குழம்பிப்போய் நின்றார். "எல்லாம் நல்லாத்தானே போச்சு, எதுக்கு ஆளாளுக்கு மன்னிப்புக் கேட்டீங்க?" கேட்டுக்கொண்டே என் தேர்ச்சித் தாளில் கையெழுத்துப் போட்டார்.