மெதுவாக ஓட வேண்டிய மாதங்கள்

காப்பீட்டுத் தாளை எடுப்பதற்காக இன்று காலை ஸ்கூட்டரின் இருக்கையைத் தூக்கினேன். நீ காய்ச்சி வைத்திருந்த கற்பூர எண்ணெய்ப் புட்டியின் மூடி தளர்ந்து, தாள் முழுக்க எண்ணெய் ஊறியிருந்தது. தாளில் ஒரு மடிப்பு விழுந்தாலே பதறுகிறவன் நான். இன்று பதறவில்லை. பிள்ளைகளின் கெண்டைக்காலில் நீ தேய்த்துவிடும்போது மைதானமெங்கும் வீசுமே, அந்த வாசனை. இருக்கையைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன். உன்னிடம் நான் ஒப்புக்கொள்ளாத தவறு ஒன்று இருக்கிறது. அதை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நீ போனது தை மாதம். காரியம் முடிந்த மறுநாள் காலை ஐந்தரை மணிக்குக் கேட் சத்தம் கேட்டது. மோகனா நின்றிருந்தாள், ஓட்டக் காலணியோடு. நீ பணி ஓய்வுக்குப் பிறகும் விடாமல் பயிற்சி கொடுத்துவந்த உன்னுடைய மூவாயிரம் மீட்டர் பெண்.

"மிஸ் இருந்தா இன்னிக்கு எட்டு கிலோமீட்டருங்க சார். நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க. வாட்சு மட்டும் புடிங்க" என்றாள்.

யாருக்கும் மறுப்புச் சொல்லத் தெரியாதவன் நான். தவிர, முப்பது வருடமாக உன் மைதானத்தில் உன் கணவனாக நான் செய்த ஒரே வேலை அதுதான். "நீங்க வாட்சைப் பாருங்க, நான் புள்ளையப் பாக்கறேன்" என்று வேலையைப் பிரித்துக் கொடுத்தவளே நீதானே. இயற்பியல் வாத்தியாருக்குக் கடிகாரம், உடற்கல்வி ஆசிரியைக்குப் பிள்ளைகள். அந்தப் பிரிவினை எனக்கும் வசதியாகத்தான் இருந்தது.

உன் வருடத்தின் வரிசை எனக்கு மனப்பாடம். ஐப்பசியில் போட்டிகள் முடிந்ததும் இரண்டு வாரம் ஓட்டமே கிடையாது. பிறகு பங்குனி வரை மெதுவான நீண்ட ஓட்டம். பக்கத்தில் வருபவரோடு மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகம், அதற்கு மேல் ஒரு அடி கூடாது. பரீட்சை முடிந்து கோடை விடுமுறையில் கரட்டு மேட்டில் ஏற்ற ஓட்டம். பள்ளி திறந்த பிறகுதான் சுண்ணாம்புக் கோட்டில் நானூறு மீட்டர் நானூறு மீட்டராக வேகம். ஆடி, ஆவணியில் குறுவட்டப் போட்டி, அதன்பின் மாவட்டம், அதில் முதல் இரண்டு இடம் பிடித்தால் மாநிலம். மாநிலத்தில் ஒருமுறை ஓடிவிட்டால் விளையாட்டுப் பிரிவில் கல்லூரி இடம் கேட்கலாம் என்பது மோகனாவின் கணக்கு. போன வருடம் மாவட்டத்தில் அவள் ஐந்தாவது.

வரிசை தெரிந்தவனுக்கு அதன் பொறுமை தெரியவில்லை. மெதுவான மாதங்களில் கடிகாரம் சொல்ல ஒன்றுமே இல்லை. நான் சரியாகச் செய்கிறேனா, அவளைக் கெடுக்கிறேனா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஓர் எண் வேண்டியிருந்தது. அதனால் சனிக்கிழமைதோறும் மூவாயிரம் மீட்டர் முழு வேகத்தில் ஓடச் சொன்னேன். நீ இருந்தவரை போட்டிக்கு முந்தைய மாதம் ஒருமுறை மட்டும் நடந்த சோதனை ஓட்டத்தை வாராவாரம் வைத்தேன். நேரத்தை ஒரு நோட்டில் குறித்து, கட்டத்தாளில் வரைபடமும் போட்டேன். முதல் சனிக்கிழமை பன்னிரண்டு நிமிடம் பத்து விநாடி. எட்டாவது சனிக்கிழமை பதினொன்று நாற்பது. கோடு அழகாக இறங்கிக்கொண்டே வந்தது. அவளிடமும் காட்டினேன். அன்னூரில் உன் அப்பாவின் தோட்டத்தை வைத்து என்னைக் கேலி செய்வாயே, "நேத்து வெதைச்சதை இன்னிக்குத் தோண்டிப் பாக்கற ஆளுங்க நீங்க" என்று. அந்த ஆள்தான் வாராவாரம் தோண்டிக்கொண்டிருந்தான்.

சித்திரையில் ஒரு சனிக்கிழமை கடிகாரத்தின் பேட்டரி தீர்ந்துபோயிற்று. அவள் ஓடத் தொடங்கிவிட்டாள். பார்க்க வேறொன்றும் இல்லாததால் அவளைப் பார்த்தேன். இடது காலை முள்ளின் மேல் வைப்பதுபோல் வைத்து எடுத்தாள். வளைவில் உதட்டைக் கடித்தாள். கையைத் தூக்கி நிறுத்தினேன். முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் விரலால் தொட்டதும் அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மூன்று வாரமாக வலியாம்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "கோடு எறங்க எறங்க நீங்க சிரிச்சீங்க சார். மிஸ் போனதுக்கப்புறம் அப்பத்தான் சிரிச்சீங்க. அதான் சொல்லலீங்க."

அன்று மத்தியானம் உன் பயிற்சி நோட்டை எடுத்தேன். அதில் நேரம் எதுவும் குறிப்பதில்லை என்று உன்னை எத்தனை முறை குறை சொல்லியிருப்பேன். 'புதுச் செருப்பு கடிக்கிறது.' 'வீட்டில் சண்டை போல. பேசவில்லை. நடக்கவிட்டேன்.' 'வயிற்று வலி நாள், லீவு.' 'இன்று வழியெல்லாம் கதை சொன்னாள்.' மோகனாவைப் பற்றிப் பக்கம் பக்கமாக இப்படித்தான். என் நோட்டில் எட்டுச் சனிக்கிழமைகள் இருந்தன, அவள் இல்லை.

மருத்துவர் எலும்பு முறியவில்லை என்றார். இன்னும் இரண்டு சனிக்கிழமை போயிருந்தால் முறிந்திருக்கும் என்றும் சொன்னார். ஆறு வாரம் ஓடக் கூடாது. இதை அவள் வீட்டில் நான் போய்ச் சொல்ல வேண்டும். இரண்டு நாள் தள்ளிப்போட்டேன், பயந்துதான். மூன்றாம் நாள் சோமனூரில் அவள் அம்மா வேலை செய்யும் தறிக்கூடத்துக்குப் போனேன். உள்ளே எட்டு விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. நான் சொன்னது அந்த அம்மாவுக்குக் கேட்கவில்லை. காதருகே கையை வைத்து "ஏனுங்க?" என்றார். திரும்பச் சொன்னேன். மறுபடியும் "ஏனுங்க?" வேறு வழியில்லாமல் கத்தினேன். அந்த நொடியில் மின்சாரம் போய்த் தறிகள் நின்றன. "என் தப்புங்க, புள்ளைய நாந்தான் கெடுத்துப்போட்டேன்" என்று நான் கத்தியது கூடம் முழுக்க ஒலித்தது. நூல் கோத்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த அம்மா சிரித்துவிட்டார். "போன வருசம் மிஸ்சு இவளை மழையில ஓடவுட்டு மூணு நாள் காச்சலுங்க. நான் போய்ச் சண்டை போட்டேன். அவங்க எனக்கு மேல சத்தம் போட்டாங்க. நீங்க என்னடான்னா தேடி வந்து ஒப்புக்கறீங்க" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திச் சொன்னார்: "காலு சரியானா ஓடட்டுங்க. ஆனா அவ வாயத் தொறந்து சொல்ல மாட்டா. நீங்கதான் பாத்துக்கோணும்."

அந்தச் சண்டையை நீ என்னிடம் சொன்னதே இல்லை. நீயும் தவறு செய்திருக்கிறாய் என்பது, தறிக்கூடத்தின் வாசலில் நின்ற எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா?

ஆறு வாரம் அவள் சைக்கிள் மிதித்தாள். கரட்டு மேட்டு மாதம் அப்படியே போயிற்று. ஆனி பிறந்து மெதுவாக ஓடத் தொடங்கியதும், விட்டதைப் பிடிக்க வேகப் பயிற்சியை இரட்டிப்பாக்கலாம் என்று கெஞ்சினாள். முடியாது என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன 'முடியாது'களை ஒரு கையில் எண்ணிவிடலாம். அவள் நான்கு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. என் நோட்டில் எழுதினேன்: 'கோபமாக ஓடினாள். கால் நன்றாக இருக்கிறது.'

குறுவட்டத்தில் இரண்டாவதாக வந்தாள். மாவட்டப் போட்டியில் ஏழரைச் சுற்றையும் நான் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். கடைசிச் சுற்றில் ஆறாவதாக இருந்தவள் ஒவ்வொருவராகத் தாண்டினாள். மூன்றாவதாக முடித்தாள். இரண்டாவது பெண்ணுக்கும் இவளுக்கும் நான்கு அடிகூட இருக்காது. மாநிலம் இல்லை. அந்த நான்கு அடி என்னுடைய எட்டுச் சனிக்கிழமைகள் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் அவளிடம் போனேன். அவள் குனிந்து மூச்சு வாங்கியபடியே முந்திக்கொண்டாள்: "வலியே இல்லீங்க சார். இன்னும் ஒரு சுத்து இருந்திருந்தா அவளையும் புடிச்சிருப்பேன். அடுத்த வருசம் பன்னண்டாவதுதானுங்களே, இன்னொரு வாட்டி இருக்குது."

பிறகு இரண்டு வார ஓய்வு. ஐந்தாம் நாளே காலணியோடு வந்து நின்றாள். தீபாவளிப் பலகாரம் கொடுத்துத் திருப்பி அனுப்பினேன். அவள் தெரு திரும்பியதும், இனி வராமலே போய்விடுவாளோ என்று பயமாக இருந்தது. ஆனாலும் கூப்பிடவில்லை. ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டிய நாட்களில் ஒன்றும் செய்யாமல் இருப்பது. உன்னிடமிருந்து இவ்வளவு தாமதமாக நான் எடுத்துக்கொண்டது அதுதான். இன்னும் சரியாகப் பழகவில்லை. தினமும் கொஞ்சம் பயத்தோடுதான் செய்கிறேன்.

இன்று காலை, உன் வரிசைப்படி, புது வருடத்தின் முதல் ஓட்டம். இரவு பெய்த மழையில் வாய்க்கால் மேடு ஈரமாக இருந்தது. "மெதுவா" என்று மட்டும் சொன்னேன். போனாள். வளைவில் புளியமரங்களுக்குப் பின்னால் மறைந்தாள். பின்னாலேயே போய்ப் பார்க்கலாம் என்று வண்டிச் சாவியில் கை வைத்தேன், எடுத்துவிட்டேன். வெகுநேரம் கழித்துக் காலடிச் சத்தம் கேட்டது. கண்ணை மூடிக் கேட்டேன். இடதும் வலதும் ஒரே மாதிரி விழுந்துகொண்டிருந்தன.